கைராசியும் கைக்கெட்டும் தூரமும்: மருத்துவர் எழுதும் சீட்டு எப்படி மாறுகிறது

மதுரை மாவட்டத்தில் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ மாலை ஆறு மணிக்குத் திறக்கும் ஒரு சிறு கிளினிக்கை எண்ணிக்கொள்வோம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் உள்ளே வருகிறார். “டாக்டரம்மா, நேத்துலருந்து பிள்ளைக்கு வயித்தால போகுது. ஆறேழு தடவை போயிட்டான். நல்ல மருந்தா எழுதிக் குடுங்க.” மருத்துவர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்க்கிறார், நாக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறார், மலத்தில் இரத்தம் போகிறதா என்று கேட்கிறார். இல்லை. மூன்று நிமிடத்தில் சீட்டு தயாராகிவிடுகிறது: ஓர் ஆன்டிபயாடிக் சிரப், வாந்திக்கு ஒரு மருந்து, பாலில் கலக்க ஒரு பொடி. ஓ.ஆர்.எஸ். (உடல் இழந்த நீரை ஈடுசெய்ய நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலமும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் அதில் இல்லை.

இதே மருத்துவரிடம், இரத்தம் கலவாத சாதாரண வயிற்றுப்போக்குக்கு என்ன சிகிச்சை என்று தேர்வு அறையில் கேட்டிருந்தால், ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று பிழையின்றிச் சொல்லியிருப்பார். குறைந்த அடர்த்தி கொண்ட ஓ.ஆர்.எஸ். கரைசலையும் துத்தநாகத்தையும் சேர்த்துக் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004-இலேயே கூறிவிட்டன. அதற்கும் முன்பு, 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லை ஊரான போங்கானில் அகதிகளிடையே காலரா பரவியபோது, நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி உறவினர்களையே ஊட்டச் செய்தார். அங்கே 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலான, மலிவான, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சான்று அது. எனவே சீட்டில் ஓ.ஆர்.எஸ். விடுபட்டதற்கு அறியாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது. சான்றுசார் மருத்துவம் என்று இன்று பேசப்படுவதன் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. சான்றைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை; அதை மருத்துவரின் கை வரைக்கும் கொண்டு சேர்ப்பது முற்றிலும் வேறு வேலை.

அறிவுக்கும் செயலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பிகாரில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், கிராமப்புறத்தில் சிகிச்சை அளிப்பவர்களிடம் முதலில் ஒரு கற்பனை நோயாளியைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். பிறகு அதே நோயின் கதையோடு, பிள்ளையின் உறவினர் போல நடிக்கப் பயின்ற ஆட்களை, ஆய்வு என்று காட்டிக்கொள்ளாமல் அவர்களிடமே அனுப்பினார்கள். கேள்விக்குப் பதில் சொன்னபோது 72 சதவீதத்தினர் ஓ.ஆர்.எஸ். கொடுப்போம் என்றார்கள். நேரில் ஆள் வந்து நின்றபோது கொடுத்தவர்கள் 17 சதவீதத்தினர் மட்டுமே. அவர்களில் பெரும்பாலோர் முறையான மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்களுக்குமே பதில் தெரிந்திருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இடைவெளி இருப்பது தெரிந்தாயிற்று. அது எதனால் ஏற்படுகிறது? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக நேர்த்தியாக விடை தேடிய ஆய்வு, கர்நாடகத்திலும் பிகாரிலும் 253 நடுத்தர ஊர்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் சிகிச்சையாளர்களிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியானது. வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று காரணங்களை அவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சோதித்தார்கள். விலை கூடிய மருந்தில் லாபம் அதிகம் என்பது முதல் காரணம். இதைச் சோதிக்க, வந்தவர்களில் சிலர் “மருந்தை வேறு கடையில் வாங்கிக்கொள்கிறோம்” என்று சொன்னார்கள். கையிருப்பு இல்லை என்பது இரண்டாவது. இதற்காகச் சிகிச்சையாளர்களில் பாதிப் பேருக்கு ஆறு வாரத்துக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். நோயாளிகளே அதை விரும்புவதில்லை என்று சிகிச்சையாளர் நினைக்கிறார் என்பது மூன்றாவது. இதற்காகச் சிலர் கைபேசியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் படத்தையும், வேறு சிலர் ஆன்டிபயாடிக் மருந்தின் படத்தையும் காட்டிக் கேட்டார்கள், மற்றவர்கள் எதையும் குறிப்பிடவில்லை.

கிடைத்த விடை பலருக்கு வியப்பளித்தது. வந்தவர் ஓ.ஆர்.எஸ். பற்றி வாய்திறந்த இடங்களில், அதை எழுதிக் கொடுப்பது 27 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. கையிருப்பைக் கொடுத்ததால் உயர்ந்தது ஏறக்குறைய 7 புள்ளிகள். லாப நோக்கத்தை நீக்கியதால் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. மருந்துக் கடைகளில் மட்டும் அது தெரிந்தது. ஓ.ஆர்.எஸ். விடுபட்டதில் 42 சதவீதத்துக்கு, “இவர்கள் இதைக் கேட்டு வரவில்லை” என்ற நினைப்பே காரணம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். டாக்டர்களுக்குக் காசுதான் குறி என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. இந்தக் குறிப்பிட்ட நோயில், இந்தக் குறிப்பிட்ட ஊர்களில், அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு.

மதுரைப் பக்கத்து வழக்கில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு மருத்துவரை மக்கள் புகழும்போது அவருடைய படிப்பைச் சொல்வதில்லை, “அவருக்குக் கைராசி” என்பார்கள். கைராசி என்பது போன மறுநாளே நோய் தணிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பின் பெயர். அதை மருத்துவரின் பக்கமிருந்து பாருங்கள். வைரஸ் காய்ச்சலும் சளியும் சாதாரண வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் சில நாட்களில் தாமாகவே அடங்குபவை. மூன்றாம் நாள் வரும் நோயாளிக்கு ஊசி போட்டால் நான்காம் நாள் குணமாகிவிடுகிறது. பாராட்டு ஊசிக்குப் போகிறது. ஊசி போடாமல் அனுப்பினாலும் நான்காம் நாள் குணமாகியிருக்கும். ஆனால் நோயாளி அதற்குள் அடுத்த தெருவில் உள்ளவரிடம் போய், அவருக்குக் கைராசி சேர்த்துவிட்டிருப்பார். முதல் மருத்துவருக்குத் தாம் சரியாகச் செய்ததன் பலன் கண்ணிலேயே படுவதில்லை. தவறாகச் செய்தவருக்கோ ஒவ்வொரு நாளும் அனுபவம் என்ற பெயரில் ஆதாரம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. முப்பது ஆண்டு அனுபவம் என்று சொல்வதில் ஒரு பகுதி இப்படிச் சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்வது எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் சுலபமல்ல.

அசதியாக இருக்கிறது என்று வந்து “ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தி விடுங்க” என்று கேட்பவரின் கதையும் இதுவே. அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் நீரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. வாயால் குடிக்க முடிகிறவருக்கு அதை நரம்பு வழியே ஏற்ற மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் படுத்திருப்பது, பக்கத்தில் உறவினர் உட்கார்ந்திருப்பது, சொட்டுச் சொட்டாக ஏதோ உடம்புக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் ஆறுதலை வேறெதுவும் தருவதில்லை என்பதையும் மறுக்க முடியாது. அந்த ஆறுதலுக்கு மாற்றாக ஒன்றும் கொடுக்காமல் பாட்டிலை மட்டும் எடுத்துவிடச் சொல்லும் எந்த வழிகாட்டு நெறியும் மதுரை மாவட்டத்தில் ஒரு வாரம் தாங்காது என்பது என் எண்ணம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், மருத்துவர்களின் நடைமுறையை மாற்ற வேண்டும் என்றால் நாம் முதலில் செய்வது கூட்டம் போடுவதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு, சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், படங்கள் ஓடும், மதியம் பிரியாணி, வருகைக்குச் சான்றிதழ். இதனால் பயனே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இத்தகைய கல்விக் கூட்டங்களைச் சோதித்த எண்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான, காக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, விரும்பிய நடைமுறை ஏறக்குறைய 6 சதவீதப் புள்ளிகள் உயர்கிறது என்று கண்டது. நூறு நோயாளிகளில் கூடுதலாக ஆறு பேருக்குச் சரியான சிகிச்சை கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் கூட்டம் போட்டவர் எதிர்பார்த்தது அதுவல்ல. சிக்கலான நடைமுறைகளில் பலன் இன்னும் குறைவு.

உளவியலாளர் சூசன் மிச்சியும் அவருடைய சகாக்களும் 2011-இல் முன்வைத்த ஒரு சட்டகம் இத்துறையில் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. ஒருவர் ஒரு செயலைச் செய்ய மூன்று தேவை என்கிறது அது: செய்யும் இயலுமை, செய்வதற்கான வாய்ப்பு, செய்ய வேண்டும் என்ற உந்துதல். சொல்லும்போது மிகச் சாதாரணமாகத்தான் ஒலிக்கிறது. அதன் பயன், எது குறைகிறது என்று பார்க்காமல் கைக்கு வந்த மருந்தைக் கொடுக்கும் பழக்கத்தைத் தடுப்பதில் இருக்கிறது. வார்டில் குழாயில் தண்ணீர் வராத இடத்தில் கை கழுவுவதன் சிறப்பைப் பற்றிப் பயிற்சி நடத்தினால், வாய்ப்புக் குறைவுக்கு அறிவு மருந்து கொடுப்பதாகும். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்காத புறநோயாளிப் பிரிவில், புகைபிடிப்பதை நிறுத்துவது பற்றி விரிவாகப் பேசுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவதும் அப்படியே.

கை கழுவுவதையே எடுத்துக்கொள்வோம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994-க்கும் 1997-க்கும் இடையே, கை சுத்தம் கடைப்பிடிக்கப்பட்ட அளவு 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்ந்தது. அதே காலத்தில் மருத்துவமனைத் தொற்றுகளும் குறைந்தன. அங்கே சுவரொட்டிகளும் ஒட்டினார்கள், கணக்கெடுத்தும் சொன்னார்கள். ஆனால் அடிப்படையான மாற்றம், ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு நீர்மக் குப்பியை ஒவ்வொரு கட்டிலுக்கும் அருகிலேயே வைத்தது. தொட்டி வரைக்கும் நடந்து, கழுவி, துடைத்து, திரும்பி வரும் நேரத்தை எண்ணிப் பார்த்தால், ஒரு செவிலியருக்கு அதை நாள் முழுதும் முறையாகச் செய்ய நேரமே போதாது. கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகு சில நொடிகளில் முடிந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு நம் ஊர் மருத்துவமனைகளிலும் இந்தக் குப்பிகள் வந்துவிட்டன. காலியான குப்பியை நிரப்புவது யார் பொறுப்பு என்பதில்தான் இப்போது விஷயம் நிற்கிறது.

மதுரையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆனால் அதை இந்தக் கோணத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி மேலாண்மை வகுப்புகளில் நிறையப் பேசுகிறார்கள்: குறைந்த செலவு, பெரும் எண்ணிக்கை, இலவச சிகிச்சை. நான் சொல்ல வருவது வேறு. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் ஏற்படும் சீழ்த்தொற்று அரிது; ஆனால் வந்தால் பார்வையே போய்விடலாம். அறுவை முடியும்போது கண்ணின் முன்னறைக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தினால் இத்தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என்று ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2007-இல் காட்டியது. ஆனாலும் உலகின் பல நாடுகளில் கண் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் தயங்கினார்கள். அதற்கென்றே தயாரித்த மருந்து சந்தையில் இல்லாத இடங்களில், வேறு பயன்பாட்டுக்கு வரும் மருந்தை அறுவை அரங்கிலேயே கலக்கி அளவு பிரிக்க வேண்டியிருந்தது. கலக்குவதில் பிழை நேர்ந்தால் தொற்றைத் தடுக்கப் போட்ட மருந்தே கண்ணைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான்.

அரவிந்தின் பத்து மருத்துவமனைகளில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தை இவ்வாறு பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் நடந்த, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்திருந்தது. முன்-பின் ஒப்பீடு என்பதால் மற்ற மாற்றங்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்ற எச்சரிக்கையை விட்டுவிடக் கூடாது. ஆனால் இங்கே நமக்கு முக்கியமானது, இத்தனை அறுவை மருத்துவர்கள் ஒரு புதிய பழக்கத்தை இவ்வளவு சீராக எப்படி ஏற்றார்கள் என்பது. மருந்து, மதுரையிலேயே 1992-இல் அமைக்கப்பட்ட ஆரோலேப் என்ற அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து, கண்ணுக்குள் செலுத்துவதற்கென்றே ஆயத்தமாக வந்தது; கலக்க வேண்டிய வேலையே இல்லை. செய்ய வேண்டியது அறுவையின் முடிவில் ஒரே ஒரு படி. அறுவை மேசையை ஒழுங்குபடுத்துபவர்கள் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். வரிசை மாறாமல் வேலை செய்வதே அவர்களுடைய பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, தொற்று வந்த ஒவ்வொரு கண்ணையும் எண்ணும் வழக்கம் அங்கே மருந்துக்கு முன்பே இருந்தது. பத்தாயிரத்தில் ஏழு என்பது இரண்டாகக் குறைந்ததைத் தனி மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளிலும் உணர முடியாது; எண்ணுகிற நிறுவனத்தால்தான் முடியும்.

இதை அப்படியே பெயர்த்து மேலூர் கிளினிக்கில் நட முடியாது என்பதும் உண்மை. அங்கே ஒரே தலைமை, ஒரே வகை நோயாளி, ஒரே வகை அறுவை. இங்கே தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் நூறு மருத்துவர்கள், யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அதோடு இன்னொரு வேறுபாடு இருக்கிறது. அது அற்பமாகத் தோன்றும், ஆனால் மிகப் பெரியது. நம் ஊரில் மருந்துச் சீட்டு நோயாளியின் கையோடு போய்விடுகிறது. போன மாதம் வயிற்றுப்போக்கோடு வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதினோம் என்று கேட்டால், விடை சொல்ல மருத்துவரிடம் எந்தத் தாளும் இல்லை. தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்தான் எழுதினோம் என்று அவர் சொல்வார். அதை நம்பித்தான் சொல்வார்.

கணக்கெடுத்து மருத்துவரிடமே திருப்பிச் சொல்வதை மேலை நாடுகளில் பெரிய துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். 140 ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின்படி, இதனால் கிடைக்கும் முன்னேற்றத்தின் இடைநிலை அளவு 4.3 சதவீதப் புள்ளிகள். ஆனால் கால்வாசி இடங்களில் அது 16-க்கும் மேல். எங்கே அதிகம் பலித்தது என்பதும் தெரிகிறது: தொடக்கத்தில் நிலைமை மோசமாக இருந்த இடங்களில், சொல்பவர் மேலதிகாரியாகவோ மதிக்கத்தக்க சகாவாகவோ இருந்தபோது, ஒரு முறையோடு நிறுத்தாமல் மீண்டும் மீண்டும், வாயாலும் எழுத்தாலும் சொன்னபோது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் அதோடு இருந்தபோது. இங்கிலாந்தில் ஆன்டிபயாடிக் அதிகம் எழுதும் மேல் ஐந்தில் ஒரு பங்கு கிளினிக்குகளுக்கு, தலைமை மருத்துவ அதிகாரி பெயரில் 2014-இல் ஒரு கடிதம் போயிற்று. “உங்கள் பகுதியில் 80 சதவீத கிளினிக்குகள் உங்களைவிடக் குறைவாகவே எழுதுகின்றன” என்பதே அதன் சாரம். அந்த ஒரு கடிதத்தால் ஆறு மாதத்தில் ஆன்டிபயாடிக் சீட்டுகள் 3.3 சதவீதம், அதாவது எழுபதாயிரத்துக்கும் மேல் குறைந்தன. தபால் செலவைத் தவிர வேறு செலவில்லை.

பாஸ்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் 47 கிளினிக்குகளில் நடந்து 2016-இல் வெளியான சோதனையில், தேவையற்ற ஆன்டிபயாடிக்கைக் கணினியில் எழுதும்போது “காரணம் எழுதுங்கள்” என்று ஒரு கட்டம் திறக்கும். எழுதாவிட்டால் காரணம் தரப்படவில்லை என்று நோயாளியின் பதிவில் நிலைத்துவிடும். தடை ஏதும் கிடையாது. இன்னொரு குழுவுக்கு, சகாக்களோடு ஒப்பிட்டு மாதந்தோறும் மின்னஞ்சல். இரண்டு குழுவிலும் தேவையற்ற சீட்டுகள் 20 சதவீதத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5 சதவீதத்தை ஒட்டி இறங்கின. ஏற்பாடுகளை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது எண்கள் மீண்டும் ஏறியிருந்தன. சகாக்களோடு ஒப்பிடப்பட்டவர்களிடம் மட்டும் பலன் ஓரளவு தங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரின் வியாபாரத்தைத் தெரிந்துகொள்வதில் உள்ள அக்கறை மாசி வீதிக்கு மட்டும் உரியதல்ல போலும்.

நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பதிவேட்டுக்குக் குறைவே இல்லை. செவிலியர்களின் நேரத்தில் கணிசமான பங்கு அதை நிரப்புவதிலேயே கழிகிறது. ஆனால் எண்கள் பெரும்பாலும் மேல்நோக்கியே பயணம் செய்கின்றன: நிலையத்திலிருந்து வட்டாரத்துக்கு, வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து சென்னைக்கு. எழுதியவரிடம் அவை திரும்பி வருவது, ஏதேனும் தவறு நடந்து விளக்கம் கேட்கும்போதுதான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பேறுகால இறப்பையும் ஆராயும் முறை நீண்ட காலமாக நடக்கிறது. அதன் பயனும் எண்களில் தெரிகிறது. 2018-20 காலத்துக்கான கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார்கள் இறக்க, தமிழ்நாட்டில் அது 54. ஆனால் ஆய்வுக் கூட்டம் குற்றவாளிக் கூண்டாக மாறும்போது கிடைக்கும் பாடம் வேறு: சிக்கல் வருவதுபோல் தெரிந்தாலே “மதுரைக்குக் கொண்டு போயிருங்க” என்று அனுப்பிவிடுவது பாதுகாப்பு என்று ஒவ்வொருவரும் கற்றுக்கொள்கிறார்கள். சிவகங்கையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் வரும் ஆம்புலன்ஸ்கள் கோரிப்பாளையம் நெரிசலில் நின்று பெரியாஸ்பத்திரிக்குள் நுழைவதில் ஒரு பங்கு உண்மையான தேவை. ஒரு பங்கு அச்சம். கணக்கைத் திருப்பிச் சொல்வது கற்பதற்காகவா கண்டிப்பதற்காகவா என்பதைப் பணியாளர்கள் முதல் கூட்டத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

சரிபார்ப்புப் பட்டியல்களின் கதையும் பயன்தரும் ஒன்று. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில், அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரு பட்டியலை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்ததில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-இல் வெளியானபோது உலகமே அதைக் கையிலெடுத்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கிய பின் 101 மருத்துவமனைகளைப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. கட்டங்களில் டிக் அடிப்பதும் அறுவைக்கு முன் ஒருவரையொருவர் பேசவைப்பதும் ஒன்றல்ல. உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ மையங்களில் நடந்த சோதனை இன்னும் கசப்பானது. பிரசவத்துக்கான 28 அம்சப் பட்டியலைக் கொடுத்து, பயிற்சியாளர்களை எட்டு மாதம் நேரில் அனுப்பி ஊக்கப்படுத்தினார்கள். செவிலியர்கள் சரியான நடைமுறைகளைச் செய்வது உயரவே செய்தது. பயிற்சியாளர் வருவது நின்ற பின் அது சரிந்தது. தாய்-சேய் இறப்பிலோ கடும் சிக்கல்களிலோ வேறுபாடு ஏற்படவில்லை.

அதன் பக்கத்தில் 2023-இல் வெளியான இன்னொரு சோதனையை வைத்துப் பார்க்க வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கண்ணால் பார்த்து இரத்தத்தின் அளவை மதிப்பிடுவதில் எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்; அதனால் தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்தார்கள். கோட்டைத் தாண்டினால், கருப்பையைத் தேய்த்துவிடுவது, சுருங்கவைக்கும் மருந்து, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழி நீர், காரணத்தைத் தேடிப் பார்ப்பது ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே செய்ய வேண்டும். வழக்கமான முறை தொடர்ந்த மருத்துவமனைகளில் இரத்தப்போக்கில் பாதியே கண்டறியப்பட்டது; புதிய முறை வந்த மருத்துவமனைகளில் 93 சதவீதம் கண்டறியப்பட்டது. கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்க நேர்வது, அதனால் இறப்பது ஆகியவற்றின் கூட்டு அளவு முதல் வகை மருத்துவமனைகளில் 4.3 சதவீதம், இரண்டாம் வகையில் 1.6 மட்டுமே. இருபத்தெட்டு நல்ல பழக்கங்களுக்கும், ஒரு கோட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. செவிலியரின் தனிப்பட்ட தீர்ப்பைச் சார்ந்திருந்த ஒன்று, அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும் ஒன்றாக மாறியது. மூத்த மருத்துவரை நள்ளிரவில் எழுப்பத் தயங்கும் இளம் செவிலியருக்குக் கோடு துணை நின்றது.

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இதுபோன்ற கோட்டை ஏற்படுத்துவது சற்று எளிது. எந்த மாத்திரையில் தொடங்குவது, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் கழித்துக் கூட்டுவது என்பது ஒரே பக்கத்தில் அடங்கும். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதலால் அரசு நிலையங்களில் மாத்திரைப் பட்டியல் ஏற்கெனவே சுருக்கமானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டு வருகிறது. இனித் தேவைப்படுவது, அழுத்தம் கட்டுப்படாதவருக்கு அதே மாத்திரையை அதே அளவில் மீண்டும் மீண்டும் நிரப்பிக் கொடுப்பதை நிறுத்தி, அளவைக் கூட்டச் சொல்லும் ஒரு கேள்வி.

ஒரு புதிய செயலைத் தொடங்கவைப்பதைவிடப் பழையதை நிறுத்தவைப்பது கடினம். மத்தியப் பிரதேசத்தில், ஒரே மருத்துவர் காலையில் அரசு நிலையத்திலும் மாலையில் சொந்த கிளினிக்கிலும் எப்படி நடந்துகொள்கிறார் என்று நோயாளி வேடத்தில் ஆட்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சொந்த கிளினிக்கில் அவர் கூடுதல் நேரம் செலவிட்டார், கூடுதல் கேள்வி கேட்டார், சரியான சிகிச்சையும் கூடுதலாகத் தந்தார். தேவையற்ற மருந்தை எழுதுவது மட்டும் இரண்டு இடத்திலும் குறையவில்லை. உழைப்புக்குக் காசு வழி திறக்கிறது. மிகைக்கு அது தடை போடுவதில்லை. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவர்கள் மாலையில் தனியாக நோயாளி பார்ப்பது பழக்கம் என்பதால், இது நமக்குத் தொலைவான செய்தியல்ல.

ஆகவே மீண்டும் மேலூர் கிளினிக்குக்கு வருவோம். அங்கே மாற்றத்துக்கு மலிவான இடங்கள் மூன்று தெரிகின்றன. மருத்துவரின் மேசைமேல், மாதிரி மருந்துகள் இப்போது அடுக்கியிருக்கும் இடத்தில், ஒரு கண்ணாடி ஜாடி நிறைய ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இருக்கலாம். சீட்டோடு எதையாவது கையில் கொடுத்தனுப்பும் நிறைவு மருத்துவருக்கும் கிடைக்கும், தாய்க்கும் கிடைக்கும். ஒரு லிட்டர் நீரில் எப்படிக் கலப்பது, எந்த அடையாளம் தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தால், ஊசி போடாமல் அனுப்பியவர் அக்கறையில்லாதவர் என்ற பெயர் எடுக்க மாட்டார். மூன்றாவது இடம் கிளினிக்குக்கு வெளியே, காத்திருக்கும் பெஞ்சில் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டாக்டரிடம் அதைக் கேளுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. “இந்தப் பொடி போதுமா டாக்டரம்மா?” என்று ஒரு தாய் பொட்டலத்தை எடுத்துக் காட்டினால், மருத்துவர் தாம் படித்ததைச் செய்வதற்கு அனுமதி கிடைத்தது போலாகிவிடும்.

கிளினிக்குக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்து மெடிக்கலில் “வயித்தால போறதுக்கு ரெண்டு மாத்திரை” என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இவற்றில் எதுவும் எட்டாது. கர்நாடக, பிகார் ஆய்வில் லாபக் கணக்கு வேலை செய்தது மருந்துக் கடைகளில்தான் என்பதை நினைவில் வைத்தால், கடைக்காரரிடம் பேச வேண்டிய பேச்சு வேறாக இருக்க வேண்டும்: ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அவருக்கு என்ன நிற்கிறது, ஆன்டிபயாடிக் பட்டையில் என்ன நிற்கிறது என்ற இடத்திலிருந்தே அதைத் தொடங்க வேண்டியிருக்கும்.